மயக்கத்தின்போது ஏற்றும் மெக்னீசியம் வலியைக் குறைக்குமா?

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் ரயில் பாதையில் மேக்னசைட் சந்திப்பு என்று ஒரு நிலையம் உண்டு. கல்லின் பெயரில் ரயில் நிலையம் இருப்பது சேலத்துக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். சேர்வராயன் மலையடிவாரத்தில், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளை வெளேரென்று வெட்டிக் கிடக்கும் கல்தான் மேக்னசைட். அந்தக் கல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் இப்போது வேறொரு காரணத்துக்காகப் பேச்சில் அடிபடுகிறது. "ஆபரேஷன் சமயத்தில் மெக்னீசியம் கொடுத்தால் அப்புறம் வலியே தெரியாது" என்று கைபேசியில் வீடியோக்கள் வருகின்றன. "ஒரு வாரம் முன்னாடியே மெக்னீசியம் மாத்திரை ஆரம்பிச்சிடு" என்று சொந்தக்காரர்களும் யோசனை சொல்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எது எங்கே உண்மை என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் சிக்கல்தான்.

எந்த மெக்னீசியம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெக்னீசியம் தனியாக எங்கும் கிடைப்பதில்லை, எதோடாவது சேர்ந்துதான் இருக்கும். எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமும் வேலையும் மாறும்.

1. மெக்னீசியம் கார்பனேட்: நம்மூர் வெள்ளைக்கல். பெரும்பாலும் இரும்பாலை உலைகளின் உள்பக்கம் பதிக்கும் தீச்செங்கல் செய்யப் போகிறது. வெள்ளைக்காரர்கள் அந்தக் கரடுகளைப் பார்த்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சுண்ணாம்பு இனமே இல்லை. சுண்ணாம்புக்கல்லில் சூடாக்காத, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும், மேக்னசைட் அநேகமாகச் சும்மா இருக்கும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

2. மெக்னீசியம் சல்ஃபேட்: பழைய தலைமுறை 'பேதி உப்பு' என்று அறிந்தது. ரோஜாத் தொட்டிக்கு எப்சம் உப்பு என்று வாங்கிப் போடுவதும் இதே ரசாயனம்தான். இதைத் தூய்மையாக்கி, கிருமி நீக்கி, ஊசி மருந்தாக அடைத்து வருவதைத்தான் மயக்கவியல் மருத்துவர் பயன்படுத்துகிறார்.

3. மெக்னீசியம் ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட்: மருந்துக் கடையில் தாது உப்பு மாத்திரையாகவும் பொடியாகவும் விற்பவை.

ஆய்வுகள் 'வலி குறைகிறது' என்று சொல்வது இரண்டாவதை ரத்தக்குழாய் வழியே ஏற்றும்போது. வீடியோக்கள் விற்பது மூன்றாவதை.

இரண்டாவது வகையைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தெரியாமலே சந்தித்திருக்கும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில், பிரசவ வார்டில் போடும் முதல் மருந்து இதுதான். செவிலியர்கள் 'மேக்சல்ஃப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. ஆகவே இது புது மருந்து கிடையாது. விலையும் சொற்பம். புதிது என்றால் வலிக்காக இதைப் பயன்படுத்துவது மட்டும்தான்.

வலி முதுகுத்தண்டில் எப்படிப் பெருகுகிறது?

வயிற்றில் கத்தி படும்போது அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி முதுகுத்தண்டுக்கு வருகிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், அவருக்குத் தெரியாது. ஆனால் முதுகுத்தண்டுக்குத் தெரியும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று செய்தி விடாமல் வந்து மோதினால், அங்குள்ள நரம்பு செல்கள் மிரண்ட மாடு மாதிரி ஆகிவிடுகின்றன. அப்புறம் சின்னத் தொடுதலும் பெரிய வலியாகத் தெரியும். தையல் போட்ட இடத்தைச் சுற்றி நல்ல தோலும் எரிவது இதனால்தான். இந்த மிரட்சியை 1983-ல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்ற விஞ்ஞானி ஆய்வில் காட்டினார்.

அந்த மிரட்சிக்கு ஒரு வாசல் இருக்கிறது. பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி. நரம்பு செல்லின் சுவரில் உள்ள ஒரு துவாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏரி மதகை நினைத்தால் புரியும். மதகின் வாயில் ஒரு கட்டை சிக்கியிருக்கிறது. சாதாரண அலை அடித்தால் கட்டை அசையாது, தண்ணீரும் போகாது. வெள்ளம் திரும்பத் திரும்ப முட்டினால் கட்டை பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் தண்ணீர் பாய்கிறது. என்.எம்.டி.ஏ. மதகில் சிக்கியிருக்கும் கட்டை மெக்னீசியம் அயனி. பாயும் வெள்ளம் கால்சியம். கால்சியம் உள்ளே போனதும் செல்லின் உணர்திறன் ஏறிவிடுகிறது. மெக்னீசியம் இந்த வாசலை அடைத்து நிற்கிறது என்பதை 1984-ல் இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்கள், ஒரே ஆண்டில், நேச்சர் இதழில் வெளியிட்டன.

இங்கிருந்துதான் யோசனை கிளம்பியது. வெள்ளம் வரும் நேரத்தில், அதாவது அறுவை நடக்கும் நேரத்தில், ரத்தத்தில் மெக்னீசியத்தைக் கூட்டி வைத்தால், கட்டை போன இடத்துக்கு அடுத்த கட்டை உடனே வந்து அடைத்துக்கொள்ளுமே?

இதனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மெக்னீசியம் வலி மாத்திரை இல்லை. ஏற்கெனவே வந்துவிட்ட வலியை அது அடக்குவதில்லை, வலி பெருகுவதைத்தான் தடுக்கப் பார்க்கிறது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கொடுப்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கத்தி படும் முன்பே ஆரம்பிக்கிறார்கள்.

நூறு வருடத் தடுமாற்றம்

மெக்னீசியத்துக்கும் மயக்கத்துக்குமான உறவு 1905-லேயே தொடங்கியது. நியூயார்க்கில் மெல்ட்சர், ஆவர் என்ற இருவர் விலங்குகளுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்குகள் அசைவற்றுப் போயின. சரி, மயக்க மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். 1916-ல் மெல்ட்சரும் பெக் என்ற அறுவை மருத்துவரும் மனிதர்களுக்கே அதை ஏற்றி மூன்று அறுவைகள் செய்து மருத்துவ இதழில் எழுதினார்கள்.

உண்மை 1966-ல் வெளிவந்தது. செயற்கை சுவாசம் வைத்துக்கொண்டு, தாமாக முன்வந்தவர்களுக்கு மெக்னீசியத்தை மிக அதிக அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். உடல் மரக்கட்டையாகிவிட்டது. ஆனால் நினைவு தப்பவில்லை, வலியும் தெரிந்தது. அதாவது மெக்னீசியம் அவர்களைத் தூங்க வைக்கவில்லை, தசைகளை மட்டும் கட்டிப்போட்டிருந்தது. 1905-ல் அந்த விலங்குகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இந்தத் தசை விவகாரம் பின்னால் ஆபத்துப் பகுதியில் மறுபடி வரும்.

வலிக்கான முதல் முறையான சோதனை 1996-ல் வந்தது. ட்ரமேர் என்பவரின் தலைமையில், கர்ப்பப்பை அகற்றும் அறுவைக்கு வந்த 42 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மயக்கம் கொடுக்கும்போது 3 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட், பிறகு 20 மணி நேரத்துக்கு மணிக்கு அரை கிராம். மற்ற பிரிவுக்கு வெறும் உப்புநீர். மெக்னீசியம் பெற்றவர்கள் அடுத்த இரண்டு நாளில் கேட்ட மார்ஃபின் என்ற கடும் வலி மருந்தின் அளவு குறைந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. உப்புநீர் பெற்றவர்களுக்கு முதல் இரண்டு இரவும் தூக்கம் கெட்டது, மெக்னீசியம் பெற்றவர்கள் வழக்கம்போலத் தூங்கினார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி வார்டில் துணைக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப்போகவில்லை. 2001-ல் வந்த ஓர் ஆய்வில், அதே கர்ப்பப்பை அறுவைதான், மெக்னீசியம் ஏற்றியும் வலி மருந்துத் தேவை குறையவில்லை. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதித்தார்கள். ரத்தத்தில் ஏறிய மெக்னீசியம் அங்கே ஏறவே இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது, மெக்னீசியத்தை அது எளிதில் விடுவதில்லை. மதகு முதுகுத்தண்டில் இருக்கிறது, கட்டைகள் வெளியே குவிந்து கிடக்கின்றன என்ற கதை. ஆனால் அதே ஆய்வில், அந்த நீரில் இயல்பாகவே மெக்னீசியம் கூடுதலாக இருந்தவர்கள் வலி மருந்தைக் குறைவாகக் கேட்டார்கள்! கொள்கை சரி, போய்ச் சேருவதுதான் பிரச்சினை.

கூட்டிக் கழித்தால் எவ்வளவு?

தனித்தனி ஆய்வுகள் சிறியவை என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் முறை உண்டு. 2013-ல் அப்படி 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது இது:

1. முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் 24.4 சதவீதம் குறைந்தது. எடையில் சொன்னால் 7.6 மில்லிகிராம்.
2. சும்மா படுத்திருக்கும்போது வலி 100-க்கு 4.2 புள்ளி குறைந்தது.
3. அசையும்போது வலி 100-க்கு 9.2 புள்ளி குறைந்தது.

'24 சதவீதம்' என்ற முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அதிகம். மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். 100 புள்ளி அளவுகோலில் சுமார் 10 புள்ளி மாறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது வலி ஆராய்ச்சியில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. படுத்திருக்கும்போது 4 புள்ளி குறைந்தால் யாருக்கும் தெரியாது. அசையும்போது 9 என்பது எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அசையும்போது என்றால் என்ன? பித்தப்பை எடுத்த மறுநாள் காலை. கட்டிலின் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு, காலைக் கீழே போடுகிறார் ஒருவர். பாதி எழும்போது இருமல் வருகிறது. இருமலை அடக்கிக்கொள்கிறார், ஏனென்றால் இருமினால் தையல் பிய்ந்துவிடும் போல வலிக்கிறது. அடக்க அடக்கச் சளி நெஞ்சில் தேங்குகிறது. நடக்காததால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. அந்தப் பாதி எழுந்த நிலையில் குறையும் 9 புள்ளிக்கு, படுத்திருக்கும்போது குறையும் 4 புள்ளியைவிட மதிப்பு அதிகம்.

மார்ஃபின் குறைவதற்கும் தனி மதிப்பு உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாவது எல்லாம் அந்த வகை மருந்துகளோடு வருபவை. இந்தியாவில் மார்ஃபின் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2014-ல் விதிகளைத் தளர்த்திய பிறகும் எல்லா மருத்துவமனையிலும் எளிதாகக் கிடைப்பதில்லை. நம் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் பாராசிட்டமால் டிரிப்ஸும் டைக்ளோஃபினாக், டிராமடால் ஊசிகளும்தான் அன்றாடம். அப்படிப்பட்ட இடத்தில், கட்டுப்பாடில்லாத, மலிவான ஒரு துணை மருந்துக்கு இடம் இருக்கிறது என்றே சொல்வேன். துணை என்பதை மறக்காத வரைக்கும். எல்லா அறுவைக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. கொடுக்காத மருத்துவர் தப்புச் செய்தவரும் ஆகமாட்டார்.

முதுகில் போடும் ஊசியோடு மெக்னீசியத்தைக் கலந்து மரப்பு நேரத்தை நீட்டும் முறையும் ஆய்வில் இருக்கிறது. காவல் சுவர்ப் பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத மருந்து வேண்டும், அளவு துளி மாறினாலும் விபரீதம்.

ஊசிக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

மெக்னீசியம் ஊசி மருந்து பெரும்பாலும் 2 மில்லி கண்ணாடிக் குப்பியில் வரும். 50 சதவீதக் கரைசல், அதாவது ஒரு குப்பியில் 1 கிராம் உப்பு. வலிக்காகக் கொடுக்கும் தொடக்க அளவு, கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மேல் அளவில் 3 கிராம், மூன்று குப்பி. அதை 100 மில்லி உப்புநீரில் கலந்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, 15-20 நிமிடம் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். தேவைப்பட்டால் அறுவை முடியும் வரை மெல்லிய வேகத்தில் தொடரும்.

இந்த 3 கிராம் உப்பில் தூய மெக்னீசியம் பத்தில் ஒரு பங்குதான். மீதி சல்ஃபேட்டும் தண்ணீரும். ஆக உடலுக்குள் போவது ஏறத்தாழ 300 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் 140 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, மாத்திரைகளிலும் சில நூறு மில்லிகிராம் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு மாத்திரை போட்டால் ஒன்றுதானே என்ற கேள்வி நியாயமாக வரும்.

ஒன்றில்லை. நம் உடலில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். செல்களுக்கு வெளியே, ரத்தத்தோடு ஓடும் பகுதி 1 சதவீதம்தான், அதாவது 250 மில்லிகிராம் அளவு. ஊசியில் 300 மில்லிகிராமை 20 நிமிடத்தில் நேரே அந்தப் பகுதிக்குள் இறக்கினால் அளவு கொஞ்ச நேரத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குதான் குடல் வழியே உள்ளே போகிறது, அதுவும் மணிக்கணக்கில். உபரியைச் சிறுநீரகம் வடித்துவிடுகிறது. குடலில் தங்கியது பேதியாகப் போகிறது, பாட்டி கொடுத்த பேதி உப்பின் வேலை அதுதானே. ஆரோக்கியமானவர் ஒரு வாரம் மாத்திரை போட்டாலும் ரத்த அளவு பெரிதாக நகராது.

விதிவிலக்கு, ஏற்கெனவே குறைபாடு உள்ளவர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், தொடர்ந்த குடி, நீர் மாத்திரை, இவற்றோடு நம் வீடுகளில் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கும் 'கேஸ் மாத்திரை'யும் பட்டியலில் உண்டு. அந்த வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் எச்சரித்தது. இவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் ஈடுகட்டுவது சரி. அது குறைபாட்டுக்கான சிகிச்சை, வலிக்கானது இல்லை.

வாய்வழி மெக்னீசியம் உண்மையாகவே உதவிய ஓரிடம் இருக்கிறது, தொண்டை. மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் போடுவதால் பிறகு தொண்டை புண்ணாகிக் கரகரக்கும். அறுவைக்கு அரை மணி முன்பு மெக்னீசியம் மிட்டாய் மாத்திரையைச் சப்பியவர்களுக்கு இது குறைந்ததாக 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே மருந்து ரத்தத்துக்குப் போக வேண்டியதே இல்லை, கரையும் இடத்திலேயே வேலை.

ஆபத்து எங்கே?

பிரசவ வார்டில் மேக்சல்ஃப் போட்ட பெண்ணிடம் செவிலியர் வந்து முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கால் வெடுக்கென்று உதற வேண்டும். நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா, மணிக்கு 30 மில்லி சிறுநீராவது இறங்குகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி. காரணம் இந்தப் படிகள்:

1. ரத்தத்தில் இயல்பான அளவு லிட்டருக்கு 0.7 முதல் 1 மில்லிமோல்.
2. 3.5-க்கு மேல் போனால் முழங்கால் உதறல் நிற்கத் தொடங்குகிறது.
3. 5-ஐத் தாண்டினால் மூச்சுத் தசைகள் ஓயலாம்.
4. இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

வலிக்குக் கொடுக்கும் அளவு இந்தப் படிகளுக்கு நன்றாகக் கீழே இருக்கும். ஆனால் ஆபரேஷன் அறையில் வேறொரு சிக்கல். அங்கே தசையைத் தளர்த்தும் மருந்துகளும் கொடுத்திருப்பார்கள். 1966-ல் பார்த்தோமே, மெக்னீசியமும் தசையைக் கட்டும். இரண்டும் சேர்ந்தால் தளர்ச்சி நீளும். நோயாளி கண் விழித்தும் மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் தவிக்கலாம். இதற்காக மணிக்கட்டில் இரண்டு பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். கட்டை விரல் நான்கு முறை ஒரே வலுவில் துடித்தால் தசை மீண்டுவிட்டது. நான்காவது துடிப்பு சோர்ந்தால் குழாயை எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் நாடியும் இறங்கலாம், அதற்குத் திரையில் கண் இருக்கும். முறிவு மருந்தாகக் கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் இருப்பதால்தான் அந்த அறையில் இது பாதுகாப்பான மருந்து.

முன்பரிசோதனையில் சொல்ல வேண்டியவை

சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும், மெக்னீசியம் வெளியேற வேறு வழி இல்லை. தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா, இதயத் துடிப்புக்கான மின்னோட்டத்தில் தடை (ஹார்ட் பிளாக்) என்று முன்பு சொல்லப்பட்டிருந்தால் இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் மாதிரி ரத்த அழுத்த மாத்திரைகள் மெக்னீசியத்தோடு சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கலாம்.

மயக்க டாக்டர் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பதுதான் வழக்கமான பதில். கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீடியோ பார்த்து வாங்கிய மெக்னீசியம் பொடியைச் சத்து மாவு மாதிரி நினைக்கிறார்கள். டப்பாவையும் அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்துவிட்டால், அவரே படித்துப் பார்த்துக்கொள்வார்.